வாளி பிடித்து நின்ற மாப்பிள்ளை

திருவண்ணாமலை தேரடி வீதியில் ஸ்டுடியோ வைத்திருந்த தருமனிடம் ஒரு தடவை படம் எடுத்துக்கொண்டவர்கள், அடுத்த தடவை வரும்போது தாமாகவே கழுத்தை நேராக வைத்துக்கொள்வார்கள். முதல் தடவை அவ்வளவு பாடு பட்டிருப்பார்கள். முகவாயை இரண்டு விரலால் தொட்டு நூலளவு தூக்குவான். கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்ப்பான். வெளியே வந்து அதே நூலளவு இறக்குவான். பெண்கள் என்றால் அந்த வேலை அவன் மனைவி சரசுவுடையது. அவள் தலைப் பூவைத் திருத்தி, முந்தானை மடிப்பை நீவிவிட்டு, "சிரிச்ச மாதிரி இரும்மா, ஆனா சிரிச்சிடாத" என்பாள். அதற்குள் ஒரு குழந்தை அழ ஆரம்பிக்கும், மாமனாருக்கு இருமல் வந்துவிடும். தருமன் அசர மாட்டான். எல்லாரும் அடங்கும்வரை காத்திருந்து, "அசையாதீங்க" என்று குரல் கொடுப்பான். அந்தக் குரலுக்குத் தெருவில் போகிற ஜட்காக் குதிரைகூட நின்றுவிடும் என்று பக்கத்து வெற்றிலைக் கடைக்காரர் சொல்லிச் சிரிப்பார்.

தருமனுக்குச் சொந்த ஊர் அடி அண்ணாமலை. நிலத்தை அண்ணன் பார்த்துக்கொண்டான். இவன் வேலூரில் ஒரு ஸ்டுடியோவில் சில வருஷம் இருந்து தொழில் பழகி, கல்யாணமான கையோடு டவுனில் கடை போட்டான். கடைக்கு வெளியே வந்தால் தலைக்கு மேல் மலை நிற்கும். உள்ளே திரையில் ஊட்டி ஏரியும் இரண்டு அன்னங்களும் வரைந்திருக்கும். ஜனங்களுக்கு அன்னம்தான் பிடித்திருந்தது.

"மனுஷன் தானா நின்னா கோணலாத்தான் நிப்பான். நாமதான் நிக்க வைக்கணும்" என்பது தருமன் கட்சி. வாரப் பத்திரிகைகளில் வரும் படங்களைச் சரசு ஆசையாகப் பார்ப்பாள். சந்தையில் பேரம் பேசுகிறவள், மழைக்கு ஒதுங்கி நிற்கிற ரிக்‌ஷாக்காரர் என்று, யாரும் அறியாமல் எடுத்த படங்கள். தருமன் எட்டிப் பார்த்துவிட்டு, "ஓடற பஸ்லேர்ந்து எடுத்த மாதிரி இருக்குது" என்பான். "அதுல இருக்கறவங்க நம்பளப் பாக்கல. அதான் நல்லாக்கீது" என்பாள் சரசு. அந்தப் பேச்சு அதோடு நிற்கும். இரண்டு பேரும் தம் கட்சியை விட்டுக்கொடுத்ததில்லை.

அவசரநிலை அமலில் இருந்த எழுபத்தாறாம் வருஷம், ஆவணி மாதம், டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் போட்டார்கள். ஆண்களுக்கான ஆபரேஷன். செய்துகொண்டவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளியும் கொஞ்சம் பணமும் கொடுத்தார்கள். அப்போதெல்லாம் நம் பக்கத்தில் பிளாஸ்டிக் வாளி என்பது புதுசு. சிவப்பு நிறத்தில் பளபளவென்று இருக்கும். படம் எடுக்கத் தருமனைக் கூப்பிட்டிருந்தார்கள். அந்த வருஷத்தில் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது.

முகாமைக் கவனித்துக்கொண்ட அதிகாரி, "சிரிச்ச மூஞ்சியா ஒரு ஆள் வேணும்யா, மேலிடத்துக்கு அனுப்பணும்" என்று காலையிலிருந்தே நச்சரித்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் முடிந்து வந்தவர்களோ தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். தருமன் கேமராவோடு கிட்டே போனதும் ஒருவர், "வோணும்னா வாளிய எடுத்துக்க. மூஞ்சி வாணாம்" என்றார். அவரைச் சிரிக்க வைக்க எந்த ஸ்டுடியோக்காரனாலும் ஆகாது.

அந்த நேரத்தில்தான் இருசப்பன் வந்தான். தருமனுக்கு ஒரே ஊர், வேண்டிய வீடு. தகப்பன் இல்லாத பையன், அம்மா கன்னியம்மாளோடு சேர்ந்து வாழைத்தோப்பைப் பார்த்துக்கொள்கிறவன். முகாமில் சாப்பாடு போட இலை கேட்டிருந்தார்கள் என்று, சைக்கிள் கேரியரில் ஒரு கட்டு வாழை இலையோடு வந்திருந்தான். அதிகாரியின் பார்வை அவன்மேல் விழுந்தது. நல்ல உயரம், சுருள் முடி, சும்மா இருந்தாலே சிரிக்கிற மாதிரியான வாய்.

"இவனை நிக்க வை" என்றார் அதிகாரி.

தருமன் ஒரு கணம் தயங்கினான். உண்மையைச் சொன்னால் அந்தத் தயக்கம் ஒரு கணத்துக்கு மேல் இல்லை. நல்ல முகம் ஒன்று கிடைத்துவிட்டது என்று கை பரபரத்தது. இருசப்பனுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

"நானே உங்க கடைக்கு வரணும்னு இருந்தேண்ணா. வேங்கிக்கால்ல பொண்ணு பாத்து நிச்சயம் ஆயிடுச்சு, தை மாசம் கல்யாணம். அவங்க வீட்ல என் போட்டோ கேட்டாங்க. இதையே ஒரு காப்பி குடுத்துடுங்கண்ணா."

"குடுத்துட்டாப் போச்சு. வா, இப்படி நில்லு."

தருமன் அவனைக் குடும்பக் கட்டுப்பாட்டு வாசகம் எழுதிய துணிப் பலகைக்கு அடியில் நிறுத்தி, முடியைச் சீவிவிட்டு, சட்டைக் காலரைத் திருத்தி, கையில் ஒரு சிவப்பு வாளியைக் கொடுத்தான். முகவாயை நூலளவு தூக்கினான். "அசையாதீங்க" என்றான் வழக்கம்போல. படம் அருமையாக வந்தது. அதிகாரி கேட்டபடி ஆள் உயரத்துக்கு ஒரு பிரிண்டு போட்டுக் கொடுத்தான், அது எங்கே போகிறது என்று கேட்கவில்லை.

காப்பி கேட்ட பையனுக்கு அந்தப் படத்தை மார்பளவோடு வெட்டி, சின்ன அட்டையில் ஒட்டிக் கொடுத்தான். கல்யாணத்துக்குக் காட்டுகிற படத்தில் வாளி எதற்கு என்று அவன் நல்ல மனசோடுதான் வெட்டினான். கன்னியம்மாள் அதை வேங்கிக்காலுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பெண்ணின் தகப்பனார் ராஜமாணிக்கம் அதை வாங்கிப் பார்த்து, "பையன் சிரிச்சகளையா இருக்கான்" என்று மாடப்பிறையில் வைத்தார். பெண் பாஞ்சாலை யாரும் இல்லாத நேரம் பார்த்து அதை எடுத்துத் துடைத்து வைப்பாள் என்று பிற்பாடு தெரிந்தது.

கார்த்திகை தீபம் வந்தது. தீபத்தோடு மாட்டுச் சந்தையும் கூடும், அரசாங்கப் பொருட்காட்சியும் போடுவார்கள். ராஜமாணிக்கத்தின் உழவு மாடு ஒன்று அந்த ஐப்பசியில் செத்துப்போயிருந்தது. ஜோடி மாடு பிடிக்கலாம் என்று சந்தைக்கு வந்தவர், போகிற வழியில் பொருட்காட்சிக் கொட்டகையைப் பார்த்து நின்றார். வாசலிலேயே, ஆள் உயரத்துக்கு, அவர் வீட்டு மாடப்பிறையில் இருந்த அதே முகம், அதே சிரிப்பு. அவர் வீட்டுப் படம் மார்போடு முடிந்திருந்தது. இங்கே மார்புக்குக் கீழே கையும், கையில் வாளியும் இருந்தன. தலைக்கு மேலே குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம்.

பக்கத்தில் நின்ற வேங்கிக்கால்காரர் ஒருவர், "உன் மாப்ளதானே இது" என்றார்.

ராஜமாணிக்கம் மாடு பார்க்காமலே வீட்டுக்குத் திரும்பிவிட்டார். மறுநாள் நிச்சயத்தை முறித்துக்கொள்வதாகக் கன்னியம்மாள் வீட்டுக்கு ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். ஆபரேஷன் பண்ணிக்கொண்டதைக்கூட மன்னிக்கலாம், வாளியை வெட்டி மறைத்துப் படம் கொடுத்தார்களே, அந்தத் திருட்டுப் புத்தியை மன்னிக்க முடியாது என்பது ராஜமாணிக்கத்தின் பேச்சு.

கன்னியம்மாள் மகனை அழைத்துக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. படம் எடுத்துக்கொள்கிறவர்கள் உட்காரும் முக்காலியில், ஊட்டி ஏரிக்கு முன்னால், அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"எம் புள்ளய இன்னாடா பண்ணே, தருமா?"

தருமனுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. இருசப்பன்தான் சொன்னான். சொல்லும்போதும் அந்த வாய் சிரிக்கிற மாதிரியே இருந்தது. கண் மட்டும் கலங்கியிருந்தது. "ஊர்ல பசங்க என்னை வாளின்னு கூப்புடுறானுங்கண்ணா. இன்னா சொன்னாலும் நம்ப மாட்டேன்றாங்க. காட்டிட்டா வர முடியும்?"

அவர்கள் போன பிறகு தருமன் கடைக் கதவைப் பாதி சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தான். மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை. எத்தனை ஆயிரம் பேரை நிற்க வைத்திருப்பான். ஒருவனை நிற்க வைத்ததால் அவன் வாழ்க்கையே நின்றுபோகும் என்று நினைத்ததில்லை.

சரசு தட்டை எடுத்து வைத்துவிட்டு வந்தாள். "மொதல்ல அந்தப் படத்த அங்கேர்ந்து எடுங்க. நாளுக்கு நாள் பாக்கறவங்க ஜாஸ்தியாகறாங்க."

"எடுன்னா எடுத்துடுவாங்களா? காலம் எப்படி இருக்குது? ‘ஏன் எடுக்கணும், நீ யாரு’ன்னு கேட்டா இன்னா சொல்றது?"

"படம் கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க. உங்க தொழிலு உங்களுக்குத்தானே தெரியும்?"

தருமன் பொருட்காட்சிக்குப் போனான். கொட்டகைக்காரரிடம், "சார், அவசரத்துல பிரிண்டு சரியாக் கழுவல. இன்னும் ரெண்டு நாள்ல மூஞ்சி மஞ்சளாயிடும். பெரிய அதிகாரிங்க வந்து பாத்தா எனக்கும் கெட்ட பேரு, உங்களுக்கும் கெட்ட பேரு. எடுத்துகினு போயி சரி பண்ணித் தரேன்" என்றான்.  கொட்டகைக்காரர் படத்தை இப்படியும் அப்படியும் பார்த்து, "ஆமாய்யா, நேத்தே மஞ்சளா இருந்தாப்பல இருந்துது" என்று அவரே அவிழ்த்துக் கொடுத்தார். அந்த இடத்தில் அம்மை குத்துகிற நர்ஸ் ஒருத்தியின் படத்தைத் தருமன் கொண்டுபோய் மாட்டினான். பெரிய படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தபோது பாதி மூச்சு வந்தது.

மீதி மூச்சு வேங்கிக்காலில் இருந்தது.

முகாமில் எடுத்த நெகட்டிவை எடுத்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சின்னக் கேமராவில் புது ரோல் போட்டதும் முதல் இரண்டு தடவை சும்மா அமுக்கிச் சுற்ற வேண்டும். மாட்டும்போது வெளிச்சம் பட்டுக் கெட்டுப்போன துண்டு அது. அதில் என்ன விழுந்தது என்று எவனும் பார்ப்பதில்லை. தருமனும் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. அன்று பார்த்தான். பள்ளிக்கூட வாசல் விழுந்திருந்தது. வாசலில் சைக்கிளை நிறுத்தி ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு இருசப்பன். பின்னால் இலைக்கட்டு. காவல்காரர் உள்ளே விட மறுத்திருக்க வேண்டும். அவரிடம் கையை நீட்டி ஏதோ நியாயம் பேசிக்கொண்டிருந்தான். உள்ளே தள்ளி, துண்டு போட்ட தலைகள் சுவரோரம் வரிசையாக இருந்தன. ஒரு ஓரம் மட்டும் வெளிச்சம் பட்டுக் கறுத்துப் போயிருந்தது.

அச்சுப் போட்டுக் காய வைத்தபோது சரசு பார்த்துவிட்டு, "இதான் அந்தப் புள்ள" என்றாள். "அந்த வாளிப் படத்துல இருக்கறது வேற யாரோ மாதிரி."

தருமன் அதை எடுத்துக்கொண்டு சைக்கிளில் வேங்கிக்கால் போனான். ராஜமாணிக்கம் கொட்டிலில் ஒற்றை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். ஆறு பிள்ளைகளைப் பெற்று, வாயும் வயிறும் வாடாமல் வளர்த்த மனிதர். ஏமாற்றப்பட்டோம் என்ற கோபத்தைத் தவிர அவரிடம் வேறு கெட்டது எதுவும் இல்லை. தருமன் நடந்ததை எல்லாம் சொன்னான். இலை கொண்டு வந்த பையனைத் தான்தான் பிடித்து நிற்க வைத்ததையும், வாளியை வெட்டியதும் தான்தான் என்பதையும் சொல்லி, சைக்கிள் படத்தைக் கொடுத்தான்.

ராஜமாணிக்கம் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"அந்தப் படம் யாரு எடுத்தது?"

"நான்தாங்க."

"அது பொய்யின்ற."

"ஆமாங்க."

"இது யாரு எடுத்தது?"

"இதுவும் நான்தாங்க."

"அது பொய்யின்னா இது மட்டும் எப்படிய்யா நெசமாவும்? போயிட்டு வா."

 அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வாசலைத் தாண்டும்போது உள்ளேயிருந்து ஒரு பெண், "அந்தப் படத்த வெச்சிட்டுப் போவச் சொல்லும்மா" என்று சொன்னது காதில் விழுந்தது. ராஜமாணிக்கத்தின் மனைவி ராஜம்மாள் வந்து தருமன் கையிலிருந்து படத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் குரலை மட்டும் பிடித்துக்கொண்டு தருமன் சைக்கிள் மிதித்தான்.

தீபம் முடிந்து சந்தை கலைகிற நாள். கடைசி நாளில் மாட்டு விலை இறங்கும் என்று எல்லாச் சம்சாரிகளுக்கும் தெரியும். சந்தைக்கு வந்தவர்களைப் படம் பிடிக்கக் கேமராவோடு போயிருந்த தருமனை, "யோவ் போட்டோக்காரரே" என்று ஒரு குரல் நிறுத்தியது. ராஜமாணிக்கம். இரண்டு கையிலும் இரண்டு மூக்கணாங்கயிறு. சுழி சுத்தமான, பால் வெள்ளை ஜோடி. அவருக்குத் தருமன் மேல் கோபம் போகவில்லைதான். ஆனால் அப்படி ஒரு ஜோடி வாய்த்த அன்று, கேமரா வைத்திருக்கிறவன்மேல் எவ்வளவு நேரம் கோபமாக இருக்க முடியும்?

"கோவம் வேற, தொழிலு வேற. என் மாட்டோட என்னை ஒரு படம் எடு. துட்டு வாங்கிக்க."

தருமன் சுற்றுமுற்றும் பார்த்தான். பத்தடி தள்ளிப் பொருட்காட்சிக் கொட்டகையின் வாசல். மேலே அதே வாசகம் எழுதிய துணிப் பலகை. வாசலில் காட்சிக்கு வைத்த சிவப்பு வாளிகள். மனசுக்குள் ஏதோ திறந்துகொண்டது.

"இங்க வெயிலு மூஞ்சில அடிக்குது பெரியவரே. அப்படி வந்து நில்லுங்க."

அன்றைக்கு அவன் பட்ட பாடு மாதிரி அவன் தொழிலில் எப்போதும் பட்டதில்லை. மாடுகளை இரண்டு பக்கமும் நிறுத்தினான். ராஜமாணிக்கத்தின் முண்டாசை அவிழ்த்துக் கட்டச் சொன்னான். மீசையை நீவிவிடச் சொன்னான். முகவாயை இரண்டு விரலால் தூக்கினான். பிறகு ஒரு வாளியை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"இது எதுக்குய்யா?"

"மாட்டுக்குத் தண்ணி காட்டப் போற மாதிரி இருக்கும். பாந்தமா இருக்கும்."

மாட்டின் மேலேயே கண்ணாக இருந்த ராஜமாணிக்கம், எங்கே நிற்கிறோம் என்றுகூடப் பார்க்காமல் வாளியைப் பிடித்துக்கொண்டு, வாய் நிறையச் சிரித்தார். அவர் தலைக்குப் பின்னால் துணிப் பலகை ஆடாமல் தொங்கியது.

"அசையாதீங்க" என்றான் தருமன்.

இரண்டு நாள் கழித்துப் பெரிய அளவில் அச்சுப் போட்டு, அட்டையில் ஒட்டி, வேங்கிக்காலுக்கு எடுத்துப் போனான். இந்தத் தடவை சரசுவும் கூட வந்தாள். அடிக்க நினைத்தாலும் ஒரு பெண்பிள்ளை முன்னால் அடிக்க மாட்டார்கள் என்று அவள் கணக்கு. அக்கம்பக்கத்து ஆட்கள் புது மாடு பார்க்க வந்து வாசலில் நின்றிருந்தார்கள். ராஜமாணிக்கம் படத்தை வாங்கி, கையை நீட்டித் தூர வைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"மாடு நல்லா விழுந்திருக்குது. மேல இன்னாமோ எழுத்து இருக்குதே?" எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் அவருக்கு வரும். "பாஞ்சால, இங்க வா. இத்தப் படி."

பாஞ்சாலை வந்தாள். மெலிந்த, நெடிய பெண். எட்டாவது வரை படித்தவள். படத்தை வாங்கினாள். முதலில் அவள் கண் வாளியில் நின்றது. பிறகு தருமனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற குரலில், ஒரு எழுத்து விடாமல் படித்தாள்.

"நாம் இருவர், நமக்கு இருவர். அறுவை சிகிச்சை செய்துகொண்ட மகிழ்ச்சியான குடும்பத் தலைவர்."

 புது மாடு ஒன்று மட்டும் மூச்சு விட்டது. யாரும் கேட்காமலே பாஞ்சாலை இன்னொரு தடவை படித்தாள்.

ராஜம்மாள்தான் முதலில் தாங்காமல் போனவள். முந்தானையை வாயில் வைத்து அடைத்தும் சிரிப்பு பீறிக்கொண்டு வந்தது. "ஆறு பெத்ததுக்கு அப்பறமாய்யா உனக்கு இந்தப் புத்தி வந்துது?" என்றாள். அதற்குமேல் வாசலில் இருந்தவர்களை யாராலும் அடக்க முடியவில்லை. வயசான ஒருவர் திண்டாடிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ராஜமாணிக்கம் சிரிக்கவில்லை. படத்தை மகள் கையிலிருந்து வாங்கித் திரும்பப் பார்த்தார். கழுத்து நரம்பு ஒருமுறை புடைத்து இறங்கியது. சரசு தருமன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"யோவ்" என்றார் ராஜமாணிக்கம் மெதுவாக. "என்னைக் கேக்காமயே எனக்கு ஆபரேஷன் பண்ணிட்டியேய்யா."

"அந்தப் புள்ளைக்கும் அப்படித்தாங்க பண்ணேன்" என்றான் தருமன்.

ராஜமாணிக்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு ராஜம்மாளைப் பார்த்து, "இவங்களுக்கு மோர் குடு" என்றார். தருமனும் சரசுவும் மோர் குடித்தார்கள். சைக்கிளை எடுக்கும்போதுதான், "கன்னியம்மாகிட்ட சொல்லு. தையில சொன்ன தேதியே இருக்கட்டும். நானும் வந்து பேசறேன்" என்றார்.

ஏரிக்கரை வரை வந்ததும் தருமன் சைக்கிளை நிறுத்திவிட்டு இறங்கிவிட்டான். சரசு கரையில் உட்கார்ந்து, இவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்ததை எல்லாம் சேர்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து முடிக்கும்வரை அவன் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றான். தண்ணீர் நிறைந்திருந்தது. பசித்தது.

கல்யாணம் அடி அண்ணாமலையில் மாப்பிள்ளை வீட்டுப் பந்தலில் நடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் நிற்கிற படம், இரண்டு வீட்டாரும் நிற்கிற படம் என்று வழக்கமான எல்லாவற்றையும் தருமன் எடுத்தான். அதற்குப் பிறகு சும்மா இருக்கும் நேரங்களில் சின்னக் கேமராவைத் தூக்கிக்கொண்டு பந்தலைச் சுற்றி வந்தான். யாரையும் நிற்க வைக்கவில்லை. ராஜமாணிக்கம் பந்தியில் மருமகன் தோப்பு இலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது, கன்னியம்மாள் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணைத் துடைத்தது, பாஞ்சாலை இருசப்பனிடம் ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் சிரித்தது எல்லாம் விழுந்தன. ஏன் எடுத்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. சரசு அந்தப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கண்ணாடிப் பெட்டியில் வாடிக்கைக்காரர்கள் பார்க்கிற இடத்தில் அவற்றில் ஒன்றை வைத்தாள்.

ஆனால் ஊர் வாய் அவ்வளவு லேசில் மூடாது. கல்யாணமாகி மாதங்கள் போயும் பாஞ்சாலை உண்டாகவில்லை. ஆடி வந்தது, புரட்டாசி வந்தது. "என்னதான் இருந்தாலும் அந்தப் படம்..." என்று யாராவது இழுப்பார்கள். சந்தையில் இருசப்பனைப் பார்த்தால் தருமனுக்கு நேருக்கு நேர் பார்க்கக் கூச்சமாக இருக்கும். பையனின் முகத்தில் வருத்தம் ஒன்றும் இல்லை. தருமனுக்குத்தான் இருந்தது. ஊரில் எத்தனையோ புதுத் தம்பதிகளுக்கு ஒன்றிரண்டு வருஷம் கழித்துத்தான் குழந்தை பிறக்கிறது. அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் இந்த ஒரு வீட்டில் தாமதமானால் அதற்குத் தன்னுடைய கேமராதான் காரணம் என்று ஆகிவிடுமே என்று அவன் மனசு அடித்துக்கொண்டது. கோயிலுக்குப் போனால் தனக்கென்று ஒன்றும் வேண்டாமல் அதைத்தான் வேண்டினான். "உண்டாக வேண்டியது அவ, மசக்கை உங்களுக்கா?" என்று சரசு கேலி பண்ணுவாள்.

அந்தத் தீபமும் வந்து போன பிறகு, ஒரு காலை, ஸ்டுடியோவில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை உட்கார வைத்து முகவாயைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, இருசப்பன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான்.

"அண்ணா, பாஞ்சாலைக்கு நாள் தள்ளிப் போயிருக்குதாம். நர்சம்மாவே சொல்லிட்டாங்க."

தருமன் வாத்தியாரின் முகவாயை அப்படியே விட்டுவிட்டான். திரும்பி இருசப்பனைப் பார்த்தான். அந்த முக்காலியில் வாத்தியார் இருந்ததால், வேறு இடமில்லாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஒரு வருஷத்துக்கு மேலாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து வெளியே போனது போல இருந்தது. வாத்தியார், "இன்னாப்பா ஆச்சு, யாருக்காவது உடம்பு சரியில்லியா?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் உடம்பு நல்லாயிருக்குது சார்" என்றாள் உள்ளேயிருந்து வந்த சரசு.

பெண் குழந்தை பிறந்தது. ராஜமாணிக்கம் சர்க்கரைப் பொட்டலங்களோடு தேரடி வீதிக்கு வந்து, ஸ்டுடியோவுக்கு மட்டுமில்லாமல் வெற்றிலைக் கடை, சைக்கிள் கடை, பூக்கடை என்று எல்லா இடத்திலும் கொடுத்தார். அறிமுகம் இல்லாதவர்களிடமும், "என் பேத்தி. வாய் அப்படியே அவங்கப்பன் வாய்" என்றார். கூடவே தருமனைக் குழந்தையைப் படம் எடுக்கக் கூப்பிட்டார். அதற்குக் கன்னியம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வயசு ஆகாமல் படம் எடுத்தால் ஆகாது என்று சொல்லிவிட்டாள். தருமன் கேமராவைத் தொடவே இல்லை. குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான்.

எண்பதுகளில் தருமன் கடைக்குக் கலர் வந்தது, ஊட்டி ஏரி போய் வேறு திரை வந்தது. நிற்க வைத்து எடுப்பதை அவன் விடவில்லை; பாஸ்போர்ட்டுக்கும் கல்யாணத்துக்கும் அது வேண்டியிருந்தது. ஆனால் கல்யாணப் படம் எடுக்கக் கூப்பிடுகிறவர்கள், "அந்தச் சும்மா எடுக்கற படமும் வேணும்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். யாரைப் படம் எடுத்தாலும், எதற்காக எடுக்கிறோம் என்பதை முன்கூட்டிச் சொல்லிவிடுவது அவனுக்கு வழக்கமாகிவிட்டது. சில பேர் அதைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று எழுந்து போனதும் உண்டு. போகட்டும் என்று விட்டுவிடுவான்.

பாஞ்சாலைக்கு மூன்று பிள்ளைகள். மூன்றாவது பிறந்த சில மாதங்களில் அவள் ஒருநாள் கடைக்கு வந்து சரசுவிடம் பேசிக்கொண்டிருந்தாள். போதும் என்று தானே முடிவு பண்ணி, ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டு வந்துவிட்டதாகச் சொன்னாள்.

"அவர்கிட்ட சொன்னியா?" என்றாள் சரசு.

"சொல்லிட்டுத்தாங்கா போனேன். ‘போட்டோக்காரரு யாரும் இல்லியே, நல்லாப் பாத்துட்டுப் போ’ன்னாரு."

இருட்டறையில் பிரிண்டு கழுவிக்கொண்டிருந்த தருமனுக்கு இது கேட்டது. அவன் வெளியே வரவில்லை. தனியாகவே சிரித்துக்கொண்டு, கையிலிருந்த படத்தை எடுத்துக் காயப் போட்டான்.